எல்லாப் போர்ட்டுக்கும் 9600 கொடுத்தும் சில கன்சோல்கள் ஏன் பேசவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பல கருவிகளின் கன்சோல்களை, அதாவது கருவியோடு நேரடியாகப் பேசும் சீரியல் வாசல்களை, தொலைவிலிருந்து ஒரே இடத்தில் எட்ட உதவும் 48 போர்ட் கன்சோல் சர்வர் ஒன்றை ரேக்கில் பொருத்தி, ஸ்விட்ச், ரௌட்டர், ஃபயர்வால், சில லினக்ஸ் சர்வர்கள், ஒரு யுபிஎஸ் என்று எல்லாவற்றின் கன்சோலையும் அதில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறீர்கள். எல்லாப் போர்ட்டுக்கும் 9600 வேகம் (நொடிக்கு இத்தனை பிட்), 8 டேட்டா பிட், பாரிட்டி என்ற பிழை சரிபார்ப்பு பிட் இல்லை, 1 ஸ்டாப் பிட் என்ற ஒரே அமைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். பெரும்பாலான போர்ட்டுகள் வேலை செய்கின்றன. ஆனால் சிலவற்றில் ஒன்றுமே வரவில்லை, சிலவற்றில் குப்பை எழுத்துகள் வருகின்றன, இரண்டில் திரையில் எல்லாம் தெரிந்தும் தட்டச்சு செய்வது மட்டும் போய்ச் சேரவில்லை, டெர்மினல் சர்வராகப் பயன்படும் ஒரு பழைய சிஸ்கோ ரௌட்டரில் மட்டும் அவ்வப்போது ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று வருகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்தும் சரியான செட்டிங் எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு செட்டிங் இல்லை. கன்சோல் சர்வரின் போர்ட்டுக்குச் சொந்தமாக ஒரு வேகமோ பின் வரிசையோ கிடையாது. மறுமுனையில் இருக்கும் கருவி எதைப் பேசுகிறதோ அதையே இந்த முனையும் பேச வேண்டும். அந்தக் கருவி நலமாக ஓடும்போது பேசுவதை மட்டும் கணக்கில் எடுத்தாலும் போதாது. மின்சாரம் வந்த நொடியிலிருந்து லாகின் கேட்கும் வரை அது எந்தெந்தக் கட்டத்தில் எந்த வேகத்தில் பேசுகிறது என்பதையும் பார்த்துத்தான் போர்ட்டை அமைக்க வேண்டும். கன்சோல் சர்வரை நாம் தேடும் நாள் பெரும்பாலும் அந்தக் கருவி பூட் ஆகாமல் நிற்கும் நாளாகத்தான் இருக்கும்.

உங்கள் கன்சோல் சர்வர் எந்த நிறுவனத்துடையது, எந்த மாடல் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. மின்னழுத்தம், கம்பி, வேகம், ஃப்ளோ கன்ட்ரோல் (அனுப்புவதை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் முறை) பற்றிக் கீழே சொல்பவை எந்த மாடலுக்கும் பொருந்தும். மெனுவின் பெயர்களும் டிசிபி போர்ட் எண்களும் மாடலுக்கு மாடல் மாறும். உதாரணங்களை நான் அதிகம் கையாண்ட சிஸ்கோ, ஓப்பன்கியர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அறிகுறிகளுக்கு நான் சொல்லும் காரணங்களில் எது உறுதி, எது ஊகம் என்பதையும் அந்தந்த இடத்திலேயே சொல்கிறேன்.

ஒன்றுமே வராத போர்ட்டிலிருந்து தொடங்குவோம். அதில் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. வேகம் மட்டும் தவறாக இருந்தால் குப்பையாவது வரும். முழு மௌனம் என்றால் கம்பி தவறு, அல்லது அந்தக் கருவி அந்த நேரத்தில் எதையும் அனுப்பவில்லை. இரண்டாவதை முதலில் விலக்கிவிடுங்கள். லாகின் ப்ராம்ப்டை எப்போதோ அச்சிட்டுவிட்டுச் சும்மா இருக்கும் ஸ்விட்ச், நீங்கள் தவறான வேகத்தில் அனுப்பும் எண்டரைப் புரிந்துகொள்ளாமல் அமைதியாகவே இருக்கக்கூடும். அதைப் பேச வைக்க எளிய வழி, பயன்படாத ஒரு ஈதர்நெட் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி எடுப்பது. கன்சோல் லாகிங் அணைக்கப்படாமல் இருந்தால் லிங்க் மேலே வந்தது, கீழே போனது என்ற செய்தி கன்சோலில் வந்தாக வேண்டும். அப்போதும் ஒரு எழுத்துகூட வரவில்லை என்றால் கம்பியைச் சந்தேகிக்கலாம்.

கம்பியில் நம்மை ஏமாற்றுவது, ஈதர்நெட் கேபிளிலும் வரும் ஆர்ஜே-45 என்ற முனை வடிவம்தான். அந்த எட்டு பின்னில் எது அனுப்புகிறது, எது பெறுகிறது என்பதை வடிவம் சொல்வதில்லை. சிஸ்கோவின் கன்சோல் போர்ட்டில் 3-ஆம் பின் அனுப்புகிறது, 6-ஆம் பின் பெறுகிறது, 4-உம் 5-உம் கிரவுண்ட். மீதி நான்கும் ‘தயார்’, ‘அனுப்பலாம்’ என்று சொல்லும் கட்டுப்பாட்டுக் கம்பிகள்: 1 ஆர்டிஎஸ், 2 டிடிஆர், 7 டிஎஸ்ஆர், 8 சிடிஎஸ். ஆனால் ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்புத் தரத்தை எட்டு பின்னில் அடக்குவதற்கென்றே எழுதப்பட்ட இஐஏ-561 தரத்தில் 4 மட்டுமே கிரவுண்ட், 5 பெறுகிறது, 6 அனுப்புகிறது. சிஸ்கோவுக்குச் செய்த கேபிளை அப்படிப்பட்ட கருவியில் செருகினால் பொருந்தும், பேசாது. கன்சோல் சர்வரின் பக்கத்திலும் இதே பிரச்சினை உண்டு. அதன் போர்ட்டும் சிஸ்கோ கருவியைப் போலவே 3-இல் அனுப்பினால், இரு முனைகளும் ஒரே கம்பியில் கத்திக்கொண்டிருக்கும், கேட்க ஆள் இருக்காது. அங்கே 1-ஐ 8-க்கும், 2-ஐ 7-க்கும், 3-ஐ 6-க்கும் திருப்பும் ரோல்ஓவர் கேபிள் வேண்டும். சர்வரின் போர்ட்டே ஏற்கெனவே திருப்பி அமைக்கப்பட்டிருந்தால் சாதாரண நேர் பேட்ச் கேபிள் போதும், ரோல்ஓவர் போட்டால் கெட்டுவிடும். ஓப்பன்கியரின் புதிய மாடல்களில் ‘சிஸ்கோ ஸ்ட்ரெய்ட்’, ‘சிஸ்கோ ரோல்டு’ என்று போர்ட் வாரியாக மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளலாம். இணைக்கப்பட்ட கருவி எந்தப் பக்கம் அனுப்புகிறது என்பதைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும் கன்சோல் சர்வர்களும் இருக்கின்றன. உங்கள் மாடலில் இப்படி ஒரு தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் கேபிளைத் தொடாமலே பாதிச் சிக்கல் தீரலாம்.

கையேடு கிடைக்கவில்லை, கேபிளை யார் செய்தார்கள் என்றும் தெரியவில்லை என்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். ஆர்எஸ்-232-இல் ஒன்றும் அனுப்பாமல் சும்மா இருக்கும் அனுப்பு பின், கிரவுண்டோடு ஒப்பிட்டால் எதிர்மறை மின்னழுத்தத்தில் நிற்கும். தரத்தின்படி அது 5 முதல் 15 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பெறும் முனை 3 வோல்ட்டுக்கு மேல் உள்ள எதையும் ஏற்கும். ஆகவே டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்ட் பின்னில் தொட்டு, சிவப்பு முனையை மற்ற பின்களில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு பின்னில் மைனஸ் 5 அல்லது மைனஸ் 9 என்பதுபோல நிலையாக ஓர் எண் தெரிந்தால் அதுவே அனுப்பு பின்னாக இருக்க வாய்ப்பு அதிகம். கருவி பூட் ஆகும்போது அந்த எண் நடுங்கினால் அது உறுதி. பெறும் பின் பூஜ்யத்தின் அருகில் நிற்கும். இப்போது கன்சோல் சர்வரின் பக்கத்திலும் இதையே செய்து, கேபிளின் வழியாக ஒன்றின் அனுப்பு பின் மற்றதன் பெறும் பின்னுக்குப் போகிறதா என்று பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இருக்காது. கன்சோல் சர்வரின் போர்ட்டே பழுதா என்று பார்க்க, ஒரு ஆர்ஜே-45 முனையில் அதன் அனுப்பு, பெறும் பின்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கிச் செருகி, ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள். தட்டியது அப்படியே திரையில் திரும்பி வந்தால் போர்ட் நலம்.

இந்த இடத்தில் இரண்டு எச்சரிக்கைகள். கன்சோல் கேபிளும் ஈதர்நெட் கேபிளும் பார்வைக்கு ஒன்றாக இருப்பதால், 24 வோல்ட் பாசிவ் பிஓஇ (ஈதர்நெட் கேபிள் வழியே மின்சாரம்) கொடுக்கும் முனையில் கன்சோல் போர்ட்டைச் செருகிவிடும் ஆபத்து உண்டு. தரமான பிஓஇ ஸ்விட்ச் மறுமுனையைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கும், பாசிவ் பிஓஇ கேட்காமலே கொடுத்துவிடும். அதனால் கன்சோல் கேபிள்களுக்குத் தனி நிறம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, சில சிறிய போர்டுகளில் ‘சீரியல்’ என்று எழுதியிருக்கும் பின்கள் 3.3 வோல்ட் டிடிஎல் அளவில் இயங்குபவை. அவற்றை ஆர்எஸ்-232 போர்ட்டில் நேரடியாக இணைத்தால் போர்டு கெட்டுப்போகும்.

கேபிளின் நீளத்தைப் பற்றிப் பலரும் 15 மீட்டர் என்ற பழைய வரம்பைச் சொல்வார்கள். அது 1969-இல் வந்த ஆர்எஸ்-232-சி காலத்துக் கணக்கு. பிந்தைய திருத்தங்கள் நீளத்தைச் சொல்வதை விட்டுவிட்டு, மொத்த மின்தேக்கம் 2500 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்று மாற்றிக்கொண்டன. காட்-5 கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 50 பிகோஃபாரட் கொண்டது என்று வைத்தால் ஏறத்தாழ 50 மீட்டர் வரை கணக்கு ஒத்துவருகிறது. 9600-இல் அடுத்த வரிசை ரேக்குக்கு இழுப்பதற்கு யோசிக்க வேண்டியதில்லை; 115200-இல் அதே நீளத்துக்கு நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன்.

குப்பை எழுத்துகள் வரும் போர்ட்டில் கம்பி சரியாக இருக்கிறது என்பது உறுதி. குறைந்தது அந்தத் திசையிலாவது. அங்கே வேகத்தைத் திருத்தினால் போதும். சிஸ்கோ, ஜூனிப்பர், அரிஸ்டா, ஃபோர்டிகேட், பாலோ ஆல்டோ ஆகியவற்றின் பெரும்பாலான கருவிகள் 9600-இல் வருகின்றன. மைக்ரோடிக்கின் ரௌட்டர்போர்டுகள் 115200. எச்பி புரோகர்வ் ஸ்விட்சுகள் வேகத்தைத் தாமே கண்டுபிடிக்கும், இரண்டு முறை எண்டர் தட்டினால் விழித்துக்கொள்ளும். சர்வர்களின் பயாஸ் கன்சோல் பெரும்பாலும் 115200-இல் இருக்கும். ஆகவே உங்கள் லினக்ஸ் சர்வர்களில் குப்பை வருவதற்குக் காரணம் இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒரு சிஸ்கோ ரௌட்டரிலும் குப்பை வருவதாக எழுதியிருக்கிறீர்கள், அது ஊகத்துக்குரியது. ரௌட்டரின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் இமேஜ் கெட்டுப்போய், ராம்மான் என்ற அவசர பூட் நிலையில் எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை மூலம் கன்சோல் வழியாகவே புதிய இமேஜை ஏற்ற வேண்டி வந்தால், 9600-இல் நொடிக்கு 960 பைட் மட்டுமே போகும். 30 எம்பி இமேஜுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் அப்படிச் செய்பவர்கள் வேகத்தை 115200-க்கு உயர்த்திக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் திருப்பி வைக்க மறந்துவிடுவார்கள். பூட் முறையையும் கன்சோல் வேகத்தையும் சொல்லும் கான்ஃபிக் ரெஜிஸ்டரின் மதிப்பு 0எக்ஸ்2102 என்று இல்லாமல் 0எக்ஸ்3922 என்று இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

எல்லாக் குப்பையும் வேகத்தால் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில எழுத்துகள் சரியாகவும் சில மட்டும் விசித்திரமாகவும் வந்தால் பாரிட்டியைப் பாருங்கள். 7 டேட்டா பிட்டும் இரட்டைப் பாரிட்டியும் கொண்ட கருவியை 8 பிட், பாரிட்டி இல்லை என்று படித்தால், இரண்டிலும் ஒரு எழுத்துக்கு மொத்தம் 10 பிட்டுகளே என்பதால் நேரக்கணக்கு தவறுவதில்லை. பாரிட்டி பிட் எட்டாவது டேட்டா பிட்டாக வேஷம் போட்டு வந்து சேர்கிறது. ஆங்கிலப் பெரிய ஏ எழுத்தின் குறியீடு 65, அதாவது 1000001. ஒன்றுகள் இரண்டு, ஏற்கெனவே இரட்டைப்படை, எனவே பாரிட்டி பிட் 0, எழுத்து சரியாகத் தெரிகிறது. சி எழுத்து 67, அதாவது 1000011; ஒன்றுகள் மூன்று, பாரிட்டி பிட் 1 ஆகிறது, குறியீடு 195 ஆகிவிடுகிறது, திரையில் எங்கோ ஐரோப்பிய மொழியின் எழுத்து ஒன்று நிற்கிறது. வேகம் தவறும்போது இப்படிப் பாதி எழுத்து பிழைப்பதில்லை. இன்றைய நெட்வொர்க் கருவிகளில் இதைக் காண்பது அரிது; பழைய பிபிஎக்ஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளிலும் சில தொழிற்சாலைக் கருவிகளிலும் இன்னும் வரும்.

லினக்ஸ் சர்வரில் வேகத்தை ஓரிடத்தில் மாற்றினால் போதாது. பயாஸ், கிரப் என்ற பூட்லோடர், கெர்னல், லாகின் கேட்கும் கெட்டி என்று நான்கு பேர் அடுத்தடுத்து அதே கம்பியைக் கையில் எடுக்கிறார்கள், நால்வருக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. பயாஸ் 115200-இலும் கெர்னல் 9600-இலும் இருந்தால் பாதி பூட் தெளிவாகவும் மீதி குப்பையாகவும் தெரியும். கெர்னலுக்கு ‘கன்சோல்’ பாராமீட்டரே கொடுக்கவில்லை என்றால் கிரப் மெனுவுக்குப் பிறகு மயான அமைதி, பிறகு எதுவும் வராது. அந்தப் பாராமீட்டரில் டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல் போர்ட்) என்ற பெயரோடு 115200என்8 என்று வேகத்தையும் சேர்த்தே எழுதுங்கள். திரையையும் சீரியலையும் சேர்த்து இரண்டு கன்சோல் கொடுத்தால், கடைசியாக எழுதியதே முதன்மைக் கன்சோல் ஆகும். கெர்னலுக்குப் பின் சேவைகள் எழும்போது வரும் செய்திகள் திரைக்கு மட்டும் போய், கோளாறு நேரத்தில் சீரியலில் அவை தெரியாமல் போவதற்கு இந்த வரிசை ஒரு முக்கியக் காரணம். சிஸ்டம்டி உள்ள வினியோகங்களில் அப்படி முதன்மையாக அமைந்த சீரியல் கன்சோலில் லாகின் தானாகவே எழும். சில மதர்போர்டுகளில் பின்னால் தெரியும் சீரியல் போர்ட் டிடிஒய்எஸ்0 ஆகவும், நெட்வொர்க் வழி வரும் ‘சீரியல் ஓவர் லேன்’ டிடிஒய்எஸ்1 ஆகவும் இருக்கும். எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, திரையில் எல்லாம் தெரிந்தும் தட்டச்சு போகாத அந்த இரண்டு போர்ட்டுகள். கருவியிலிருந்து நமக்கு வரும் திசை நலம், நம்மிடமிருந்து போகும் திசை மட்டும் அடைபட்டிருக்கிறது. முதல் சந்தேகம் ஃப்ளோ கன்ட்ரோல். கன்சோல் சர்வரின் அந்தப் போர்ட்டில் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என்று வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் போட்டிருந்தால், மறுமுனை சிடிஎஸ் கம்பியை உயர்த்தும் வரை அது ஒரு எழுத்தையும் அனுப்பாது. பல சிஸ்கோ கருவிகளின் கன்சோல் போர்ட் வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோலை ஆதரிப்பதே இல்லை. மூன்று கம்பி மட்டும் வைத்துச் செய்த கேபிளில் அந்தக் கம்பியே இருக்காது. ஃப்ளோ கன்ட்ரோலை ‘நன்’ (இல்லை) என்று வையுங்கள். எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் என்ற மென்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் போட்டிருந்தால் வேறொரு தொல்லை: யாராவது தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் தட்டினால் வெளியீடு உறைந்துவிடும், கன்ட்ரோல்-க்யூ தட்டும் வரை கருவி செத்ததுபோலத் தோன்றும்.

இரண்டாவது சந்தேகத்தைப் பலரும் யோசிப்பதில்லை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் போன்ற ஸ்விட்சுகளில் ஆர்ஜே-45 கன்சோலோடு யுஎஸ்பி கன்சோலும் இருக்கிறது. வெளியீடு இரண்டுக்கும் போகும். உள்ளீடு ஒன்றிலிருந்து மட்டும்தான் ஏற்கப்படும், அதில் யுஎஸ்பிக்கே முன்னுரிமை. ஒருமுறை லேப்டாப்பில் வேலை பார்த்தவர் அந்தச் சிறிய கேபிளை ரேக்கில் இன்னொரு கணினியோடு இணைத்தபடியே விட்டுப் போயிருந்தால், உங்கள் கன்சோல் சர்வரில் எல்லாம் தெரியும், எதுவும் தட்ட முடியாது. நேரில் போய் ஸ்விட்சின் முகப்பைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஐஓஎஸ்-இல் யுஎஸ்பி கன்சோலுக்கு ஒரு செயலின்மை நேர வரம்பும் வைக்கலாம், வைத்துவிடுங்கள். இந்த இரண்டில் உங்கள் போர்ட்டுகளுக்கு எது பொருந்தும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. லினக்ஸ் சர்வராக இருந்தால் முதலாவது, ஸ்விட்சாக இருந்தால் இரண்டாவதை முதலில் பாருங்கள்.

‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ வருவது 16 அசிங்க் லைன் (சீரியல் போர்ட்) கொண்ட பழைய சிஸ்கோ ரௌட்டரில் என்று எழுதியிருப்பதால், அதன் காரணத்தைத் தயங்காமல் சொல்லலாம். அந்த லைன்களில் எக்ஸெக், அதாவது ரௌட்டரின் சொந்தக் கட்டளை ப்ராம்ப்ட், இயங்கிக்கொண்டிருக்கிறது. மறுமுனைக் கருவி ரீபூட் ஆகும்போது அச்சிடும் செய்திகளை, யாரோ ஒரு மனிதர் அந்த லைனில் தட்டச்சு செய்கிறார் என்று ரௌட்டர் எடுத்துக்கொண்டு, தன் ப்ராம்ப்டை அனுப்புகிறது. அந்தக் கருவி அதை லாகின் பெயராக எடுத்துக்கொண்டு கடவுச்சொல் கேட்கிறது. இருவரும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்க, லைன் பிஸி, நீங்கள் வெளியே. ‘க்ளியர் லைன்’ கொடுத்தால் அந்த நேரத்துக்குத் தீரும். நிரந்தரமாகத் தீர அந்த லைன்களில் ‘நோ எக்ஸெக்’ கொடுக்க வேண்டும். தனி கன்சோல் சர்வர்களிலும் இதற்கு இணையான தேர்வு உண்டு: போர்ட் முறையை ‘கன்சோல் சர்வர்’ என்று வைக்க வேண்டும், ‘டெர்மினல்’ அல்லது ‘லாகின்’ முறையில் வைக்கக் கூடாது. லினக்ஸ் கணினியைக் கன்சோல் சர்வராக வைத்திருப்பவர்கள் அதே டிடிஒய்-இல் கெட்டி ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யுபிஎஸ்-ஐ இந்தப் பட்டியலிலிருந்து இப்போதைக்குக் கழற்றிவிடுங்கள். ஏபிசி ஸ்மார்ட்-யுபிஎஸ்களின் டிபி-9 போர்ட் பார்வைக்குத்தான் சாதாரண சீரியல் போர்ட். அதன் பின் அமைப்பு வேறு, வேகம் 2400, அதற்கென்று தனி கேபிள் உண்டு. சாதாரண சீரியல் கேபிளைச் செருகினால் யுபிஎஸ் அணைந்து, அதன் பின்னால் இருக்கும் மொத்த ரேக்கும் இருண்டுபோகக்கூடும். சரியான கேபிள் கையில் இல்லாமல் சோதித்துப் பார்க்கும் இடம் இது இல்லை.

வேகத்தை ஊகித்து மாற்றி மாற்றித் தட்டிப் பார்ப்பதிலும் இதே வகை ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரேக் என்பது ஓர் எழுத்து இல்லை. ஒரு முழு எழுத்தின் நேரத்தையும் தாண்டிக் கம்பியைப் பூஜ்ய பிட்டின் நிலையிலேயே பிடித்துவைப்பதுதான் பிரேக். 9600-இல் ஒரு எழுத்து சுமார் 1 மில்லிநொடி. கன்சோல் சர்வரின் போர்ட்டை 1200-க்கு வைத்து ஒரு ஸ்பேஸ் தட்டினால், ஸ்டார்ட் பிட்டும் அதைத் தொடரும் ஐந்து பூஜ்யங்களுமாகக் கம்பி 5 மில்லிநொடி அதே நிலையில் நிற்கும். மறுமுனை அதைப் பிரேக் என்றே படிக்கும். பிரேக் பொத்தான் இல்லாத கீபோர்டிலிருந்து சிஸ்கோ ரௌட்டரின் கடவுச்சொல்லை மீட்பதற்கு இதையே வேண்டுமென்று செய்வதும் உண்டு. ஆனால் சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினியில் ஓடும் சொலாரிஸ் இயங்குதளத்துக்குப் பிரேக் கிடைத்தால் அது இயக்கத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஓகே ப்ராம்ப்டில் நிற்கும். பழைய டெர்மினல் சர்வர்கள் சில, தாம் அணையும்போதே எல்லாப் போர்ட்டுக்கும் பிரேக் அனுப்பி, இணைத்திருந்த சன் கணினிகளை மொத்தமாக நிறுத்தியதால்தான், ரிட்டர்ன், டில்டே, கன்ட்ரோல்-பி என்ற மாற்று வரிசையைச் சொலாரிஸில் வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. லினக்ஸில் சிஸ்ஆர்க்யூ என்ற அவசரக் கட்டளை வசதி இயக்கப்பட்டிருந்தால், பிரேக்குக்குப் பின் ஐந்து நொடிக்குள் வரும் எழுத்து ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளப்படும், அந்த எழுத்து ரீபூட் கட்டளையாகவும் இருக்கலாம். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் வேகம் தெரியாவிட்டால் தட்டாமல் கேளுங்கள். அது தானாக ஒரு செய்தி அனுப்பும் வரை காத்திருந்து வேகத்தை மாற்றிப் பாருங்கள். அதே சமயம், வேண்டும் நேரத்தில் பிரேக் அனுப்பத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் வழியே வருபவர்கள் எண்டர் தட்டியபின் டில்டேயும் பெரிய பி எழுத்தும் தட்டலாம். அதைக் கன்சோல் சர்வர் உண்மையான பிரேக்காக மாற்றிக் கொடுக்கிறதா என்று ஒரு சோதனைக் கருவியில் முன்பே பார்த்துவையுங்கள்.

போர்ட்டை நெட்வொர்க் வழியாக எப்படித் திறப்பது என்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிஸ்கோவில் 2000-உடன் லைன் எண்ணைக் கூட்டினால் டெல்நெட் போர்ட். அது லைன் எண், மாட்யூலில் அச்சிட்ட போர்ட் எண் இல்லை என்பதால் ‘ஷோ லைன்’ பார்த்துக் கூட்டுங்கள். ஓப்பன்கியரின் பழைய வரிசைகளில் 2000 டெல்நெட், 3000 எஸ்எஸ்ஹெச், 4000 வெறும் டிசிபி, 5000 ஆர்எஃப்சி 2217. எஸ்எஸ்ஹெச் தவிர மற்ற அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஆர்எஃப்சி 2217 தொலைவிலிருந்தே வேகத்தை மாற்ற உதவுவது, தேவைப்படும் மென்பொருள் இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பயனர் சரிபார்ப்பை டாகாக்ஸ் அல்லது ரேடியஸ் சர்வரிடம் ஒப்படைத்தாலும், அந்தச் சர்வரே எட்டாத நாளுக்காக ஒரு உள்ளூர்ப் பயனர் இருக்கட்டும். கன்சோல் சர்வரின் சொந்த நெட்வொர்க் கேபிள், அது காப்பாற்ற வேண்டிய அதே ஸ்விட்சில் போய்ச் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் நான் மிகவும் அஞ்சும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்எஸ்ஹெச் ஜன்னலை மூடினால் கன்சோல் சர்வரோடு உள்ள தொடர்புதான் அறும். மறுமுனைக் கருவிக்கு அது தெரியாது. அங்கே முழு அதிகாரம் உள்ள ரூட் ஷெல்லோ எனேபிள் ப்ராம்ப்டோ திறந்தபடியே காத்திருக்கும், அடுத்து அந்தப் போர்ட்டைத் திறப்பவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே போய்விடுவார். சிஸ்கோவின் கன்சோல் இயல்பாகவே 10 நிமிடச் செயலின்மையில் வெளியேற்றும். எரிச்சலில் ‘எக்ஸெக்-டைம்அவுட் 0 0’ கொடுத்து அதை அணைத்து வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம், அதைத் திரும்ப இயக்குங்கள். ஜூனிப்பரில் ‘லாக்-அவுட்-ஆன்-டிஸ்கனெக்ட்’ இருக்கிறது. ஆனால் தொடர்பு அறுந்ததை அது கட்டுப்பாட்டுக் கம்பியைப் பார்த்தே உணர்கிறது, ஆகவே மூன்று கம்பிக் கேபிளில் அதை நம்ப முடியாது. எட்டுக் கம்பியும் உள்ள கேபிளை நான் வலியுறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

போர்ட் லாகிங்கை எல்லாப் போர்ட்டிலும் இயக்கி, லாகை வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புங்கள். இரவில் தானாக விழுந்து எழுந்த ரௌட்டர், விழும் முன் கன்சோலில் கடைசியாக என்ன சொன்னது என்பது வேறெங்கும் கிடைக்காது. இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 9600-இல் ஒரு போர்ட் நாள் முழுவதும் இடைவிடாமல் கொட்டினாலும் 83 எம்பிக்குள்தான். ஆனால் கருவியிலிருந்து வருவதை மட்டும் பதியுங்கள். கடவுச்சொல்லைக் கருவி திருப்பி அச்சிடுவதில்லை என்பதால் அந்த லாகில் அது வராது; நாம் தட்டுவதையும் சேர்த்துப் பதியும் தேர்வை இயக்கினால் எல்லாருடைய கடவுச்சொல்லும் எழுத்தெழுத்தாக லாகில் கிடக்கும்.

ஒவ்வொரு போர்ட்டையும் அமைத்து முடித்ததாக எண்ணும்போது, அனுமதிக்கப்பட்ட ஒரு பராமரிப்பு நேரத்தில் அந்தக் கருவியை மின்சாரம் நிறுத்தி எழுப்புங்கள். முதல் வரியிலிருந்து லாகின் வரை ஒரு வரியும் குப்பையாகாமல், ஒரு வரியும் விடுபடாமல் வர வேண்டும், நடுவில் பூட்லோடர் மெனுவுக்குள் நுழையவும் முடிய வேண்டும். லாகின் ப்ராம்ப்ட் வந்ததைப் பார்த்ததும் சரி என்று குறித்துவிட்டுப் போன போர்ட்டுகளில்தான் பின்னால் சிக்கல் வருகிறது. அப்படிச் சோதித்த போர்ட்டுக்கு எண்ணோடு நிற்காமல் கருவியின் பெயரையும் ரேக் இடத்தையும் பெயராகக் கொடுத்து, வேகத்தையும் கேபிள் நேரா, ரோல்ஓவரா என்பதையும் குறிப்பில் எழுதிவையுங்கள். எதுவும் இணைக்காத போர்ட்டுகளை அணைத்து வையுங்கள்.